கொம்புக்கு முன்னே வாய்

மூன்று கொம்புகளை உடைய டிரைசெரடாப்ஸ் என்னும் அந்தப் பெரும் பிராணியைச் சிறு குழந்தைகளுக்கு அறிமுகம் செய்துவைக்க முற்படுகிறவர்களில் பெரும்பாலோர் கொம்பிலிருந்தே தொடங்குகிறார்கள். “எங்கே, எண்ணிச் சொல்லு பார்ப்போம்” என்பார்கள். குழந்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு, எண்ணி முடிந்த காரியத்தில் இனி என்ன இருக்கிறது என்ற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அல்லது இரண்டு விரல்களை நெற்றியில் நிறுத்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிற குழந்தையை முட்டப் புறப்பட்டுவிடும். எப்படியானாலும் பாடம் அத்துடன் சரி. வாஷிங்டன் நகரத்தை அடுத்த மேரிலாந்தில், மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் பயிலும் ஒரு பாலர் பள்ளியில் நெடுங்காலம் உபாத்தியாயினியாக இருந்து, ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தை ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று திரும்பிய எனக்கு இந்த விஷயத்தில் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு: டிரைசெரடாப்ஸிடம் குழந்தைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஏற்ற வாசல் அதன் வாய்தான், கொம்பு தன் முறை வரும்போது தானே வரும்.

காரணம் ரகசியமானதன்று. மூன்று வயதுக் குழந்தைக்கு உலகத்தில் முதன்மையான விசாரம் ஆகாரம். எறும்பைக் கண்டாலும் நாயைக் கண்டாலும் அது தானாகக் கேட்கிற முதற் கேள்வி, இது என்ன சாப்பிடும் என்பதே. இது எத்தனை கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்தது என்று கேட்ட குழந்தையை நான் கண்டதில்லை. அந்தக் கேள்வி பெற்றோருடையது. ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகள் என்று சொன்னால், போன தீபாவளிக்கும் முந்தின தீபாவளிக்கும் வித்தியாசம் அறியாத பருவத்தில் அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அப்போது மனிதர் ஒருவர்கூட இல்லை, உன் தாத்தாவும் இல்லை, அவருடைய தாத்தாவும் இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் காலக் கணக்கை விட்டுவிடுவது வழக்கம். பசியைப் பற்றியோ அவ்விதம் விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லை. அதில் அவர்கள் நம்மைக் காட்டிலும் பண்டிதர்கள்.

ஆகையால் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முந்தின நாள், வகுப்பிலேயே வாய்ப்பாடம் நடக்கும். பச்சைக் காகிதத்தை நீளநீளமாகக் கீறிப் பனையோலை என்று பெயரிட்டுத் தரையில் பரப்புவேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டால் மாத்திரம் ஓர் ஓலையை எடுத்துத் தாருங்கள் என்பேன். இரண்டு நிமிஷம் வகுப்பு முழுவதும் தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சுத் திணறும். ஓலைகள் நனையுமே தவிர மேலே எழா. நாலு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டிய பிராணிக்குக் கை உதவாது என்பதும், உதட்டால் ஆகாது என்பதும், வேறொரு கருவி வேண்டும் என்பதும் ஒருவர் சொல்லாமலே அவர்களுக்குப் பிரத்தியட்சமாகிவிடும். அதன் பிறகு கிளியின் படத்தைக் காட்டி, டிரைசெரடாப்ஸின் வாய் முனையில் பல்லே கிடையாது, மேலொன்றும் கீழொன்றுமாக எலும்பு முனைகளும் அவற்றை மூடிய கெட்டியான அலகும்தான் உண்டு என்று சொன்னால், ஏதோ நாம் கண்டுபிடித்ததை இவள் ஊர்ஜிதம் செய்கிறாள் என்ற பெருமிதத்துடன் தலையாட்டுவார்கள்.

ஒரு வருஷம் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முன்வாய்ப் பால்பற்கள் நான்கும் ஒருசேர விழுந்திருந்தன. அதுவரை வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசி வந்தவன், முன்பக்கத்தில் பல் இல்லாமலே இத்தனை பெரிய உடம்பை வளர்த்த ஜீவன் ஒன்று இருந்தது என்று கேட்டதும், கையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஈறைக் காட்டிக்கொண்டு வகுப்பைச் சுற்றி வந்தான். பிள்ளைகள் அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். புதிய பல் முளைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டாயிற்று என்று அவன் தாயார் பிற்பாடு சொன்னார்.

அலகால் பறித்ததைப் பின்னே கொண்டுபோய் என்ன செய்தது என்பதுதான் பாடத்தின் இரண்டாம் பாகம். இங்கே கத்தரிக்கோல் வரும். முனை மழுங்கிய, குழந்தைகளுக்கென்றே செய்த சிறு கத்தரிக்கோல். மாடு தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கிறது. டிரைசெரடாப்ஸோ மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றின் தலைமேல் ஒன்று அமராமல், ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்க, இடையில் அகப்பட்ட ஓலையை நறுக்கித் தள்ளியது. இதை விளக்குவதற்கு என் மனத்தில் எப்போதும் தோன்றுவது கத்தரிக்கோலன்று, என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த பாக்குவெட்டிதான். அதன் மேலலகு கீழலகின் விளிம்பை உரசியபடி இறங்கிக் கொட்டைப்பாக்கைச் சீவும் விதம், இந்தத் தாடையின் வேலைக்கு மிகவும் அண்மையிலுள்ளது. மேரிலாந்துக் குழந்தைகளுக்குப் பாக்குவெட்டிக்கு எங்கே போவது? கத்தரிக்கோலோடு திருப்தி அடைந்தேன்.

அந்தப் பற்களின் அமைப்பு விசேஷமானது. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 36 முதல் 40 வரை பல்வரிசைக் கம்பங்கள்; ஒவ்வொரு கம்பத்திலும் 3 முதல் 5 பற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு. மேலே உள்ளது தேய்ந்து விழ விழக் கீழே உள்ளது எழும்பி வந்து அந்த ஸ்தானத்தை ஏற்கும். வாய் முழுவதும் சேர்த்துக் கணக்கிட்டால் 432 முதல் 800 வரை ஆகிறது. ஒரு சமயத்தில் வேலை செய்பவை அவற்றில் ஒரு பங்கே. ஃபுளோரிடாவைச் சேர்ந்த கிரிகோரி எரிக்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2015ஆம் ஆண்டில் இந்தப் பல்லை அறுத்துச் சோதித்து, சாதாரண ஊர்வனவற்றின் பல்லில் இரண்டு வகைத் திசுக்களே இருக்க, இதில் ஐந்து வகை இருப்பதாகக் கண்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினம்; ஆதலால் மெத்தென்றவை முன்னே தேய்ந்து பல்லின் முகத்தில் பள்ளம் விழ, உராய்வு குறைந்து வெட்டு சுலபமாயிற்று. இத்தனையும் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் சொல்லாமல் விட வேண்டியதை உபாத்தியாயர் அறிந்திருந்தால்தான் சொல்ல வேண்டியது நேராக வரும் என்பது என் நம்பிக்கை. அவர்களிடம் நான் சொல்வதெல்லாம், உனக்கு ஒருமுறைதான் பல் மாற்றம், அதற்கோ ஆயுள் முழுவதும் மாற்றம் என்பதே. பல் துலக்கும் வேலை மிச்சம் என்று உடனே ஒரு குரல் எழும்.

என்ன ஓலை என்றும் கேட்பார்கள். தலையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டிருக்கும் பிராணி. எனவே தரையை அடுத்து வளர்ந்த பெரணி, சைக்கஸ் இனச் செடிகள், பனை வர்க்கத்துக் குட்டைச் செடிகள் இவையே அதற்குக் கிட்டியிருக்கும். குழந்தைகள் படம் வரையும்போது அதன் காலடியில் பச்சைப் புல்லைத் தவறாமல் போட்டுவிடுவார்கள். இன்று நாம் காண்கிற புல்வெளிகள் அக்காலத்து வட அமெரிக்காவில் கிடையா என்று சொல்லி, புல்லின் மேல் இரண்டு இலைகளைக் கூட்டி வரையச் செய்து பெரணி ஆக்கிவிடுவது வழக்கம். நம் நாட்டின் கதையே வேறு. மகாராஷ்டிரத்துப் பிஸ்துராவில் அகப்பட்ட டைனோசர்ச் சாணத்தின் கற்படிவத்தைச் சோதித்து, அதில் புல்லினத்தின் நுண்துகள்கள் இருப்பதை 2005ஆம் ஆண்டில் வந்தனா பிரசாத் முதலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சாணம் கல்லாகும் என்ற செய்தியைச் சொன்ன தினத்தில் வேறெந்தப் பாடமும் நடத்த முடியாது என்பதையும் இளைய உபாத்தியாயர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

வார இறுதியில் தமிழ்க் குழந்தைகளுக்கு நடக்கிற வகுப்பிலும் இதே பாடத்தைச் சில ஆண்டுகள் நடத்தினேன். அங்கே ஒரு பெண்குழந்தை, “டீச்சர், அப்படின்னா அது சைவமா? எங்க வீடு மாதிரியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்போ அது ரொம்ப சாது” என்று தீர்ப்புக் கூறிவிட்டாள். சாகபட்சணி என்றால் சாது, மாமிசபட்சணி என்றால் துஷ்டன் என்ற இந்த எண்ணம் சைவ வீட்டுக் குழந்தைகளிடம் மாத்திரம் இருப்பதன்று. எல்லா ஜாதிக் குழந்தைகளிடமும், அவர்களுக்குப் புத்தகம் எழுதுகிற பெரியவர்களிடமும் இருப்பதுதான். அவளிடம் நான் தர்க்கம் செய்யவில்லை. யானை என்ன சாப்பிடும் என்று கேட்டேன். இலை, தழை, கரும்பு என்றாள். யானைக்குக் கோபம் வந்தால்? கண்ணை அகல விழித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்: “இலைதானே சாப்பிடுது, அதுக்கு எதுக்குக் கொம்பு?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் வாயைச் சுற்றிக்கொண்டிருப்பது. கொம்பிலிருந்து தொடங்கினால் கொம்பு ஓர் அலங்காரம். வாயிலிருந்து வந்து சேர்ந்தால் அது ஒரு புதிர். எண்ணிக்கையைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லாதிருந்த அந்த மூன்றும், கேள்வி கேட்ட குழந்தையின் கண்ணுக்கு இப்போது காரணம் வேண்டி நிற்கின்றன.

விடைகள் பல, எல்லாம் ஒருவாறு குழந்தைகளுக்கு விளங்குபவையே. மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு, புருவத்தின் மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு. அருங்காட்சியகத்தில் காண்பது உள்ளே இருந்த எலும்பு மாத்திரம். உயிரோடிருந்த காலத்தில் அதன் மேல் உன் நகத்தைப் போன்ற பொருளால் ஆன உறை ஒன்று இருந்தது, அதனால் கொம்பு இன்னும் நீளமாகவும் கூராகவும் இருந்திருக்கும் என்று சொன்னால், ஒவ்வொரு குழந்தையும் தன் நகத்தை மற்றக் கை விரலால் தடவிப் பார்க்கும். தம் இனத்துக்குள்ளேயே அவை கொம்பைப் பிணைத்து மல்லுக்கு நின்றிருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் உண்டு: ஆண்ட்ரூ ஃபார்க்கி முதலியவர்கள் 2009ஆம் ஆண்டில் பல மண்டையோடுகளை ஒப்பிட்டு, கழுத்துக் கேடயத்தின் பக்க எலும்பில் உள்ள காயத் தழும்புகள் எதிரியின் கொம்பு படக்கூடிய இடத்திலேயே அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார்கள். இடத்துக்கும் துணைக்கும் சண்டை என்று விளக்கத் தொடங்கினால் நீளும். மணற்பெட்டியில் ஒரே வாளிக்கு இரண்டு பேர் நிற்பதில்லையா என்றால் போதும். ஒருவருக்கொருவர் அடையாளம் தெரிவதற்கும் தன் பெருமையைக் காட்டுவதற்கும் உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கொடுங்கோலனான டைரனோசாரஸை எதிர்த்து நிற்பதற்கும்தான். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன், ஏனெனில் அதைச் சொன்ன பிறகு வேறெதுவும் காதில் ஏறாது.

நான் சொல்வதில் குழந்தைகளின் மனத்தை மிகவும் கவர்ந்தது போரன்று, குட்டி. மான்டானா மாகாணத்தில் 1997ஆம் ஆண்டில் ஹார்லி கார்பானி என்பவர் கண்டெடுத்து, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் மண்டையோடு ஒன்று, 30 சென்டிமீட்டர் அளவே உள்ளது. ஒரு வயதுக் குட்டி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வளர்ந்த பிராணியின் மண்டை இரண்டரை மீட்டர் வரை போகும். நான் பழுப்புக் காகிதத்தில் பெரியதன் தலையை முழு அளவில் வெட்டித் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் அட்டையில் வெட்டிய குட்டியின் தலையை வைப்பேன். பெரிய தலையின் மேல் இரண்டு குழந்தைகள் தலைமாடு கால்மாடாக நீட்டிப் படுத்துக்கொண்ட பின்பும் இடம் மிச்சமிருக்கும். சின்னதை ஒவ்வொருவரும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதன் புருவத்தில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நுனியளவு இரண்டு மொட்டுகள் மாத்திரம் உண்டு. மார்க் குட்வினும் ஜாக் ஹார்னரும் வெவ்வேறு வயதுடைய மண்டையோடுகளை வரிசைப்படுத்தி 2006ஆம் ஆண்டில் எழுதியதிலிருந்து, அந்த மொட்டு பாலப் பருவத்தில் பின்னோக்கி வளைந்து வளர்ந்து, பருவம் முற்றும்போது முன்னோக்கித் திரும்பியது என்று தெரிகிறது. கொம்பைப் பின்பக்கமாக வளைத்து வரைந்த குழந்தையிடம் இது தப்பு என்று அதட்டுகிற பெரியவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும். “இது பையன் டிரைசெரடாப்ஸ், இன்னும் பெரியதாகவில்லை” என்று அந்தக் குழந்தையே எடுத்துச் சொல்லும்படி செய்துவிட்டால் அப்புறம் அதட்டல் எங்கே நிற்கும்?

தாம் சிறியவர்கள் என்பதைத் தினந்தோறும் யாராவது ஒருவர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிற பருவம் அது. அந்தப் பெருந்தலையும் ஒரு காலத்தில் மடியில் அடங்கியது என்பதில் அவர்களுக்கு உண்டாகும் திருப்தியை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் பிசகிய கதைகளும் அவர்களுக்கு அமிர்தம். 1887ஆம் ஆண்டில் டென்வர் நகரத்துக்கு அருகே இரண்டு பெருங்கொம்புகள் கிடைத்து, அக்காலத்தில் பேர்பெற்ற ஆராய்ச்சியாளரான மார்ஷ் என்பவரிடம் வந்து சேர்ந்தன; அவர் பார்த்துவிட்டு, இது பண்டைக்காலத்துக் காட்டெருமை என்று சொல்லிப் பெயரும் சூட்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் வயோமிங்கிலிருந்து உண்மை வந்தது. அங்கே மாடு மேய்ப்பவன் ஒருவன் ஓடைக்கரைச் சரிவில் கொம்போடு கூடிய ஒரு தலை துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு, மாட்டைப் பிடிக்கும் சுருக்குக் கயிற்றை வீசி இழுக்க, கொம்பு ஒன்று முறிந்து கையோடு வந்தது, தலை பள்ளத்தில் உருண்டது. முறிந்த கொம்பை அவன் பண்ணைக்காரரிடம் கொடுக்க, அதன் செய்தி ஜான் பெல் ஹாட்சர் என்னும் எலும்பு வேட்டைக்காரரின் செவிக்கு எட்டி, அவர் 1889 முதல் 1892 வரை அந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டுச் சலித்து, முப்பதுக்கும் மேற்பட்ட கொம்பு டைனோசர் மண்டைகளைப் பெயர்த்தெடுத்தார். அவற்றில் முதலில் வந்ததை ஆராய்ந்த மார்ஷ் 1889இல் டிரைசெரடாப்ஸ் என்ற பெயரை இட்டார். சுருக்குக் கயிறு வீசும் இடத்தை நான் நடித்துக் காட்டாமல் தாண்ட முடிந்ததே இல்லை.

ஹாட்சர் சேகரித்த எலும்புகளைக் கொண்டு, 1905ஆம் ஆண்டில், உலகத்திலேயே முதன்முதலாக டிரைசெரடாப்ஸின் முழு எலும்புக்கூட்டை வாஷிங்டனில் நிறுத்தினார்கள். ஒரே பிராணியின் எலும்புகள் முழுமையாகக் கிடைக்காமையால் பல பிராணிகளிலிருந்து எடுத்து ஒட்டவைத்தது அது. தலை உடம்புக்குச் சிறியதாகப் போயிற்று. பின்னங்கால் பாதங்களோ வாத்தலகு டைனோசர் ஒன்றினுடையவை. கழற்றி இறக்கப்படும் வரை அது கடன் வாங்கிய பாதத்திலேயே நின்றது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், முன்னங்கால்களை முழங்கையிடத்தில் அகல விரித்துக்கொண்டு தாழ்ந்து நின்ற அந்தப் பழைய கூட்டையே குழந்தைகளுக்குக் காட்டினேன். ஒரு நாள் பார்வையாளர் ஒருவர் தும்மிய அதிர்ச்சியில் அதன் இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு ஒன்று கழன்று விழுந்தது என்று சொல்லப்படும் கதையை என் குழந்தைகள் கேட்ட பிறகு, டைனோசர் மண்டபத்துக்குள் நுழையும்போதெல்லாம் வரிசை முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. தும்மல் சாக்குத்தான், எலும்புக்குள் இருந்த இரும்புக் கந்தகக் கனிமம் காற்றின் ஈரத்தால் சிதைந்து நூற்றாண்டுக் காலமாக உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்ததுதான் உண்மையான வியாதி. பழைய எலும்புகளை இறக்கிப் பத்திரப்படுத்தி, ஒவ்வொன்றையும் கணிப்பொறியில் முப்பரிமாணமாக அளந்து, இல்லாத பக்கத்தை இருக்கும் பக்கத்திலிருந்து திருப்பி வார்த்து, தலையைத் தக்க அளவுக்குப் பெரிதாக்கி, பாதங்களையும் மாற்றி, 2001இல் புதிய வார்ப்புக் கூட்டை நிறுத்தினார்கள். சேகரித்தவரின் நினைவாக அதற்கு ஹாட்சர் என்றே பெயர். கால்களும் முன்னளவு அகலாமல் உடம்பின் கீழே வந்து சேர்ந்தன.

அந்த ஹாட்சருக்கு 2019இல் நேர்ந்ததுதான் என் தொழிலுக்கு வந்த பெரிய சோதனை. ஐந்து வருஷம் மூடிக் கிடந்து அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் திறந்த மண்டபத்தில், ஹாட்சர் நிற்கவில்லை. தரையில் வீழ்ந்து கிடந்தது. டைரனோசாரஸ் அதன் மேல் காலை ஊன்றி, கழுத்துக் கேடயத்தைக் கவ்விக்கொண்டு தலையைப் பிய்த்தெடுக்கிற நிலையில் அமைத்திருந்தார்கள். முந்தின நாள் முழுவதும் அதன் அலகையும் பல்லையும் ஓலையையும் பற்றிப் பேசி, அதன் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிய குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் இதன் முன்னே நிறுத்துவதா? வேறு வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று துணைக்கு வந்த தாய்மார் சிலர் கருதினார்கள். நான் இசையவில்லை.

ஒரு பெண்குழந்தை வந்து நின்று பார்த்துவிட்டு, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கு வலிக்கிறதா என்று கேட்டாள். இப்போது வலிக்காது, இது எலும்பைப் பார்த்துச் செய்த வார்ப்பு. அந்தக் காலத்தில் உயிரோடு கடிபட்டிருந்தால் வலித்திருக்கும். செத்த பிறகு வலித்திருக்காது என்றேன். தூங்குகிறது என்று சொல்லியிருக்கலாமே என்று அந்தக் குழந்தையின் தாயார் பின்னால் குறைப்பட்டார். அந்தப் பொய்யை நான் எந்நாளும் சொன்னதில்லை. தலை பிய்க்கப்படுகிற ஒன்றைத் தூங்குகிறது என்று குழந்தையிடம் சொன்னால், அன்றிரவு அது எப்படித் தூங்கும்? மரணத்தைப் பற்றி நேராகச் சொன்ன பதிலைக் குழந்தைகள் தாங்குகிறார்கள். சுற்றி வளைத்த பதிலைத்தான் இரவில் எடுத்துவைத்துக்கொண்டு அழுகிறார்கள். அதற்காகக் கோரத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

எனினும் அவர்களுக்கு ஓர் ஆறுதல் வேண்டும் என்று நான் எப்போதும் கைவசம் வைத்திருந்தது ஜான் ஹாப் என்பவர் 2008இல் விவரித்த ஒரு மண்டையோட்டின் வரலாறு. அதன் புருவக் கொம்பு ஒன்று டைரனோசாரஸின் பல்லில் அகப்பட்டு முறிந்திருக்கிறது. கேடயத்திலும் பல் பட்ட குறி உண்டு. ஆனால் முறிந்த இடத்தில் புதிய எலும்பு வளர்ந்து காயம் ஆறியிருக்கிறது. அதாவது, அந்தச் சண்டைக்குப் பிறகு அது பிழைத்து, மேலும் நெடுநாள் ஓலை தின்றது. இதைச் சொன்னதும் வரிசையில் ஒரு பெருமூச்சு ஓடும். இன்னும் ஒருமுறை சொல்லச் சொல்வார்கள். அப்புறம் யாராவது ஒரு குழந்தை, அந்த டைரனோசாரஸ் கெட்டதா என்று கேட்கும். அதற்கும் பசி என்றுதான் சொல்வேன். எல்லோருக்கும் இது சம்மதமாவதில்லை.

இதற்கு முன்னரும் ஒரு சோதனை வந்ததுண்டு. 2010ஆம் ஆண்டில் மான்டானாவைச் சேர்ந்த ஸ்கனெல்லாவும் ஹார்னரும், டோரோசாரஸ் என்று தனி இனமாக எண்ணப்பட்டு வந்தது முதிர்ந்த டிரைசெரடாப்ஸே என்று வாதித்து எழுதியபோது, பத்திரிகைகள் அதைத் தலைகீழாக்கி, டிரைசெரடாப்ஸ் என்று ஒன்று இருந்ததே இல்லையாம் என்று பரப்பிவிட்டன. என் வகுப்பில் மூன்று நாள் துக்கம். முன்னே இட்ட பெயர்தான் நிலைக்கும், இதற்கு 1889இல் பெயர் வைத்தார்கள், மற்றதற்கு 1891இல்தான் என்று விதியை விளக்கி அவர்களைத் தேற்றினேன். மூத்த பிள்ளைக்கே பாத்தியதை என்ற நியாயத்தை வீட்டில் மூத்தவர்களாகப் பிறந்த குழந்தைகள் மிகுந்த உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அந்த இரண்டும் ஒன்றா வேறா என்ற வாதம் அதன் பிறகும் நடக்கிறது. அதை விஞ்ஞானிகளுக்கே விட்டுவிடலாம்.

பொம்மைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குழந்தைகள் டிரைசெரடாப்ஸை முதலில் சந்திப்பது அங்கேதான். ஒரு காலத்தில் அருங்காட்சியகத்துக்கு எதிரேயுள்ள புல்வெளியில் ‘பீஸ்லி மாமா’ என்ற பெயருடன் ஒரு முழு உருவச் சிலை நின்றது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக லூயி பால் ஜோனாஸ் செய்தது. குழந்தைகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்குவார்கள். 1994இல் அதை மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு எஞ்சியவை பிளாஸ்டிக் பொம்மைகளே. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அதை ஸ்டெகோசாரஸோடு மோதவிடுவார்கள். அந்த இரண்டுக்கும் இடையே கிடக்கிற காலம், டிரைசெரடாப்ஸுக்கும் நமக்கும் இடையே கிடக்கிற காலத்தினும் நீண்டது. ஆனால் விளையாட்டில் காலக் கணக்கைப் புகுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாயைப் பற்றி மாத்திரம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது மாட்டுக்குச் சரி. பேரனுக்கு வாங்குகிற டிரைசெரடாப்ஸைக் கடையிலேயே வாயைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்வாயில் கூரான பற்களை வரிசையாக வைத்துச் செய்கிறார்கள். அந்த வாயால் ஓர் ஓலையையும் பறிக்க முடியாது.

என் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், வாய்ப்பாடம் நடந்த மறுநாள், பிறந்தநாளுக்கு வந்த தன் பொம்மையை ஆராய்ந்து, முன்பக்கத்தில் பல் இருப்பதைக் கண்டுபிடித்து மிகவும் வருந்தினான். தூக்கி எறியவும் மனமில்லை. களிமண் கேட்டான்; கொடுத்தேன். பல் வரிசை முழுவதையும் களிமண்ணால் மூடி, நுனியைக் கிள்ளிக் கிள்ளி வளைத்து, கிளிப்படத்தைப் பார்த்துப் பார்த்து அலகு ஒன்று அமைத்து, காயவைக்க ஜன்னலோரத்தில் நிறுத்தினான். அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த மறுநாள் வந்து பார்க்கிறேன், ஜன்னலோரத்தில் அதன் பக்கத்திலே இன்னொரு பொம்மை, அதற்கும் அலகு. டைரனோசாரஸ். இனிமேல் இதுவும் இலைதான் சாப்பிடும் என்றான். அலகு வைத்துவிட்டாய், சரி. இலையை நறுக்குவதற்குப் பின்னால் பல் எங்கே என்று கேட்டேன். பொம்மையைக் கையில் எடுத்து, வாய்க்குள் விரலை விட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதற்கு இன்னும் நிறையக் களிமண் வேண்டும் என்றான்.